ஒரு மாத விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தொண்டு: வருகிறவர்களும் வரவேற்கிறவர்களும் அறிய வேண்டியவை

ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலம் நிரம்பிவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க வருகிறவர்களில் வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறை அப்போதுதான் என்பதால், அங்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, கடையநல்லூர் எனத் தாத்தா, ஆச்சி வீடுகளுக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் சிலர் கேட்கிறார்கள்: "சும்மா இருந்துட்டுப் போக மனசு வரல ஆச்சி. இங்க கஷ்டப்படுற சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும். ஒரு மாசம் ஏதாவது ஒரு இல்லத்துல போய் இருக்கட்டுமா?"

அந்த விருப்பம் நல்லது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதே நேரம், சிறு குழந்தைகளிடம் போவதற்கு முன் யோசிக்க வேண்டியவை பல இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டியது நாள்தோறும் அருகில் இருக்கும் ஆள். ஒரு மாதம் வந்து போகிறவரால் அந்த ஆளாக முடியாது. ஆனால் அந்த ஆளுக்குப் பக்கபலமாக முடியும். அது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம் தென்காசிக்கு அருகிலேயே இருக்கிறது.

ஆய்க்குடியில் நடப்பது என்ன?

கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரனின் ஊர் என்று சொல்லப்படும் ஆய்க்குடியில்தான் அமர் சேவா சங்கம் இருக்கிறது. இதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டபோது கீழே விழுந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சொந்த ஊருக்குத் திரும்பியவர், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவிக்கப்பட்ட 1981இல், ஐந்து பிள்ளைகளுடன் ஒரு கூரைக் கொட்டகையில் சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ எலும்பு மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவருடன் சேர்ந்தார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று அங்கே மாற்றுத்திறன் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, தொழிற்பயிற்சி, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் எல்லாம் உண்டு. நம் கேள்விக்கு முக்கியமானது அவர்களுடைய ஆரம்பநிலை இடையீட்டுப் பணி. வளர்ச்சி தாமதமாகும் சிறு குழந்தைகளை ஆறு வயதுக்குள் கண்டுபிடித்து, பயிற்சி கொடுத்து, பள்ளியில் சேரும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் இது. மூன்று வயதுக்குள் மனித மூளை, பெரியவரின் மூளை அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அந்த வயதில் கொடுக்கும் பயிற்சிக்கு இருக்கும் பலன் பத்து வயதில் கொடுப்பதற்கு இருக்காது.

இந்தப் பணியின் முதுகெலும்பு கிராமங்களில் வசிக்கும் மறுவாழ்வுப் பணியாளர்கள். அவர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகிறார்கள். பிசியோதெரபி, செயல்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். குழந்தையோடு நாள் முழுவதும் பயிற்சி செய்கிறவர் தாய்தான்.

ஒரு வீட்டு வருகை

ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் ஏராளமான வீடுகளில் பெண்களுக்குப் பீடி சுற்றுவதுதான் வருமானம். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும் நூலும். எத்தனை சுற்றினார்களோ அதற்குத்தான் கூலி. அப்படியொரு வீட்டில் மூளை முடக்குவாதமுள்ள இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து மையத்துக்குப் போய்வந்தால் அரை நாள் போய்விடும். அரை நாள் கூலியும் போய்விடும். நாலு தடவை போவார். ஐந்தாம் தடவை நின்றுவிடுவார். பணியாளர் வீட்டுக்கே வருவதன் காரணம் இதுதான்.

இத்தகைய குழந்தைகள் பலருக்குக் கால்கள் விறைத்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வந்துவிடும். உட்கார வைத்தால் முதுகு சரியும். பணியாளர் தரையில் அமர்ந்து, தன் தொடைமேல் குழந்தையைக் கால் விரித்து உட்கார வைக்கிறார். பிள்ளையின் இரு பாதங்களும் தரையில் பதிகின்றன. அக்குளில் பிடிக்காமல் இடுப்பில் பிடிக்கிறார். அப்போதுதான் குழந்தை தன் முதுகைத் தானே நிமிர்த்தப் பழகும். எட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கரண்டியை நீட்டுகிறார். குழந்தை கையை நீட்டுகிறது.

பிறகு, "இப்ப நீங்க செய்ங்க அக்கா" என்று தாயிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் பார்க்கிறார். படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும் என்பதால், நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி, முன்பக்கமிருந்து கரண்டியைக் கொண்டுபோகச் சொல்லித் தருகிறார். நம் ஊர்த் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் கால் விரித்துத் தூக்கிவைப்பதே இந்தக் குழந்தைகளுக்கு நல்ல பயிற்சி. அதை விடவேண்டாம் என்றும் சொல்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்குவது என்று தாய் எப்படியும் செய்யும் வேலைக்குள்ளேயே பயிற்சி வந்துவிடுகிறது. அதற்கென்று தனி நேரம் தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் புதிதாக ஒருவர் ஆசையோடு குழந்தையைத் தூக்கினால் என்ன ஆகும்? முகம் தெரியாதவரைக் கண்டதும் குழந்தை பயந்து அழும்; அழுதால் உடல் இன்னும் விறைக்கும்; அன்றைய பயிற்சி அதோடு முடிந்துபோகும். வெளியிலிருந்து வருகிறவர் அமர வேண்டிய இடம் பணியாளரின் பக்கத்தில், பார்த்துக் கற்றுக்கொள்கிறவராக.

வெளிநாட்டார் எங்கே உதவுகிறார்கள்?

அமர் சேவா சங்கத்துக்கு நெடுங்காலத் துணையாக இருப்பது கனடாவிலுள்ள ஹேண்டி-கேர் இன்டர்நேஷனல். வெளிநாட்டு மருத்துவர்களும் சிகிச்சை நிபுணர்களும் ஆய்க்குடிப் பணியாளர்களோடு சேர்ந்து முறைகளை வகுத்திருக்கிறார்கள். அப்படி உருவானதுதான் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி. வீட்டுக்குப் போகும் பணியாளர் குழந்தையின் நிலையையும் முன்னேற்றத்தையும் அதில் பதிவுசெய்கிறார். தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளிநாட்டு அறிவு இங்கே பணியாளர்களின் கையைப் பலப்படுத்துகிறது. நிபுணர் விமானம் ஏறிய மறுநாளும் அந்தப் பணியாளர் அதே தெருவுக்குப் போவார். குழந்தைக்கு எந்த உறவும் அறுந்துபோவதில்லை.

டோனாவூர் சொல்லும் பழைய பாடம்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்காக வந்தவர்கள் என்றதும் இந்தப் பக்கத்தில் நினைவுக்கு வருகிறவர் கிறிஸ்தவ ஊழியர் ஏமி கார்மைக்கேல். 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்தார். முதலில் தமிழ் படித்தார். 1901இல், கோயில் பணிக்கென விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். அதிலிருந்து வளர்ந்ததுதான் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் களக்காட்டுக்கு அருகேயுள்ள டோனாவூர் இல்லம். 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். 1951இல் டோனாவூரிலேயே இறந்தார். இந்தியாவுக்கு வந்தபின் ஒரு முறைகூட அவர் தாயகம் திரும்பவில்லை.

பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். உடன் உழைத்த தமிழ்ப் பெண்கள் அக்காள்கள், வெளிநாட்டுப் பெண்கள் சித்திகள், ஆண்கள் அண்ணாச்சிகள். குழந்தையை ஓர் உறவுக்குள் வைக்க வேண்டும், அந்த உறவு நிலைக்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

அவருடைய காலத்து முறைகளை இன்று அப்படியே பின்பற்ற முடியாது. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து நிறுவனத்தில் வளர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இன்றைய சட்டத்தின் நிலைப்பாடு. மதமாற்றம் குறித்தும் அன்றே விவாதங்கள் இருந்தன. ஆனாலும் குழந்தைகளுக்கு அம்மாவாக விரும்பிய ஒருவர் அதற்குக் கொடுத்த காலம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். ஒரு மாதத்துக்கு வருகிறவர் அந்த இடத்தை ஆசைப்படக் கூடாது.

குறுகிய கால அன்பு ஏன் நோகடிக்கும்?

முதல் சில ஆண்டுகளில் குழந்தை சிலரைத் தனக்குரியவர்களாகப் பற்றிக்கொள்கிறது. அழுதால் இவர் வருவார், பசித்தால் இவர் தருவார் என்ற நம்பிக்கையில்தான் அதன் பேச்சும் துணிச்சலும் கற்றலும் வளர்கின்றன. இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் ஏற்கெனவே ஒரு பிரிவைக் கண்டவர்கள். அவர்களிடம் மாதத்துக்கொருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போனால், அதே பிரிவு திரும்பத் திரும்ப நடக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்து, "எவ்வளவு பாசம்!" என்று நாம் நெகிழ்வோம். முன்பின் தெரியாத எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்வது, தனக்கென்று நிலையான ஆள் இல்லாத குழந்தையிடம் அடிக்கடி காணப்படும் குணம். அதைப் பாதுகாப்பு இல்லாததன் அடையாளமாகவே குழந்தை உளவியலாளர்கள் பார்க்கிறார்கள்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். 2000இல் தொடங்கிய அந்த ஆய்வில், நிறுவனங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2007இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவின்படி, குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி நிறுவனத்திலேயே இருந்தவர்களைவிட மேலாக இருந்தது. எவ்வளவு இளம் வயதில் போனார்களோ அவ்வளவு நன்மை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் தரும் பணமும் வரவர, காட்டுவதற்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்கள் பெருகுகின்றன. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்கள் 75 விழுக்காடு அதிகரித்தன. அங்கிருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். வறுமையால் விடப்பட்டவர்கள்தான் அவர்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமும் இத்தகைய சுற்றுலாத் தொண்டால் குழந்தைகளுக்கு நேரும் தீங்கைக் குறிப்பிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

விசா: சுற்றுலாவுக்கான இ-விசாவில் வருகிறவர், ஊதியமோ வேறு பிரதிபலனோ இல்லாமல் அதிகபட்சம் ஒரு மாதம் தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் என்றால் தொண்டு நிறுவனத்தின் பெயரோடு அதற்குரிய விசா வாங்க வேண்டும். ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவருக்கு விசா வேண்டாம். ஆனால் மதப் பிரசாரம், ஆய்வு, செய்தியாளர் பணி போன்றவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் இந்தியத் தூதரகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இல்லத்தின் பதிவு: இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

படம்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயரையோ படத்தையோ வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்ஸ்டாகிராமில் போடுவதும் வெளியிடுவதுதான். பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேக் வெட்டிப் படம் போடும் உள்ளூர்க்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

துன்புறுத்தல்: ஒரு குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பதாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விடுவது குற்றம். தொண்டருக்கும் இது பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098.

பணம்: வெளிநாட்டுக் குடிமக்கள் தரும் நன்கொடையை வாங்க நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் இதில் வெளிநாட்டவரே. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது இதில் சேராது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

போவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: பதிவுச் சான்றைக் காட்ட முடியுமா? பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தால், அவர்களைக் குடும்பத்தோடு சேர்க்க என்ன செய்கிறீர்கள்? தொண்டர்கள் பிள்ளைகளுடன் தனியாக இருக்க விடுவீர்களா? என் நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்பீர்களா? புகார் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

நல்ல நிறுவனம் உங்களையும் கேள்வி கேட்கும். உங்கள் படிப்பு என்ன, தமிழ் பேசுவீர்களா, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று விசாரிக்கும். "எப்ப வேணா வாங்க, பிள்ளைகளோட விளையாடுங்க, நன்கொடை இவ்வளவு" என்று கதவைத் திறந்துவிடும் இடத்துக்குப் போகாதீர்கள்.

ஒரு மாதத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியவை

பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி படித்தவர் அல்லது படிக்கிறவர், பணியாளர்களுக்குத் தான் அறிந்ததைச் சொல்லித் தரலாம். அவர்களிடமிருந்து கற்கவும் செய்யலாம். வெளிநாட்டுப் பயிற்சி அறையில் இருக்கும் கருவி இல்லாமல் ஒரு தலையணையையும் அலுமினியத் தட்டையும் வைத்து எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதை இங்கேதான் கற்க முடியும்.

கணினி தெரிந்தவர் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தலாம். ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவர் திட்ட அறிக்கைகளுக்கு உதவலாம். தச்சு வேலையோ வடிவமைப்போ அறிந்தவர், உட்காரும் நாற்காலி போன்ற துணைக்கருவிகளை உள்ளூர்த் தச்சரோடு சேர்ந்து குழந்தையின் அளவுக்குச் செய்யலாம். எந்தத் திறமையும் இல்லை என்று தயங்குகிறவர், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர் கூட இருக்கும்போது ஆங்கிலத்தில் பேசப் பழக்கலாம். அவர்களுக்கு "முப்பதாம் தேதி ஊருக்குப் போகிறேன்" என்று முதல் நாளே சொன்னால் புரியும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் புரியாது.

தமிழ் தடுமாறுகிறவர் வரும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும். தாய் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் எந்தச் சேவையும் செய்ய முடியாது. உள்ளூர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்து அவர் பிழைப்பைக் கெடுத்துவிடவும் கூடாது.

திரும்பிப் போன பிறகு செய்வதுதான் பெரும்பாலும் அதிகப் பயன் தரும். பயணச்சீட்டுக்குச் செலவாகும் தொகை, ஒரு கிராமப் பணியாளரின் பல மாதச் சம்பளத்துக்கு ஈடாகும். அவர் வேலையில் நீடிக்க வழி செய்தால், அவர் போகும் அத்தனை வீடுகளிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடரும். ஆண்டுக்கொரு முறை பெரிதாகத் தருவதைவிட மாதாமாதம் சிறிதாகத் தருவது நிறுவனத்துக்கு வசதி. அதை நம்பிச் சம்பளம் போட முடியும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

பேரப்பிள்ளைகள் தொண்டு செய்ய ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், வழிகாட்டுங்கள். தெருக்கோடி அங்கன்வாடிப் பணியாளரிடம் முதலில் கூட்டிப்போங்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை இன்னும் நடக்கவில்லை, பேசவில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு என்ன தேவை என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவிலேயே வளர்ச்சி தாமதமாகும் குழந்தை இருந்தால், "வளர வளரச் சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்லிக் காலத்தைக் கடத்தாமல், அரசு மருத்துவமனைக்கோ ஆய்க்குடிக்கோ அழைத்துப்போகச் சொல்லுங்கள். அதற்கு விசா வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம். இந்த வாரமே செய்யலாம்.